அடுத்தது முதுகலையா, முதல் வேலையா?

பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறி மூன்று நான்கு மாதங்கள் ஆன வீடுகளில் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்கும். "மேலே படிக்கிறாயா, வேலை தேடுகிறாயா?" அப்பா கேட்காவிட்டாலும் கல்யாண வீட்டில் பார்க்கும் மாமா கேட்டுவிடுவார். அதற்குள் அனுப்பிய விண்ணப்பங்களில் பாதிக்குப் பதிலே வந்திருக்காது. போன ஒன்றிரண்டு நேர்முகத் தேர்வுகளும் "அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வியோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வரும்: முதுகலைப் படிப்புக்குச் சேர்க்கை நடைபெறுகிறது, பதிவுக் கட்டணத்தில் கழிவு உண்டு.

பல குடும்பங்களில் அந்த வாரமே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பிள்ளைக்கு நிம்மதி. 'இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்பதற்குப் பதிலாக 'மாஸ்டர்ஸ் செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். பெற்றோருக்கும் பெருமைதான். ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டாவது படமும் சுவரில் ஏறிய பிறகு, அதே கேள்வி திரும்பி வருகிறது. இப்போது வயது 25. அனுபவம் இன்னும் பூஜ்யம். நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ புதிய சந்தேகம்: "முதுகலை முடித்தவர் நாம் தரும் சம்பளத்தில் எத்தனை மாதம் இருப்பார்?"

மேற்படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில வேலைகளுக்கு முதுகலை இல்லாமல் நுழையவே முடியாது. சிலவற்றுக்கு முதுகலை எத்தனை வைத்திருந்தாலும் பயனில்லை, வேறொரு தாள் வேண்டும். மீதி வேலைகளில் பெரும்பாலானவை முதுகலையைக் கேட்பதே இல்லை. நீங்கள் விரும்பும் வேலை இந்த மூன்றில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பதிவுக் கட்டணம் கட்டக்கூடாது.

முதுகலை இல்லாமல் முடியாதவை

முதலில் நினைவுக்கு வருவது விரிவுரையாளர் பணி. இந்நாட்டில் உயர்கல்வி நிலையங்களில் பாடம் நடத்துபவர், தாம் கற்பிக்கும் நிலையைவிடப் பொதுவாக ஒரு படி மேலான தகுதி பெற்றிருக்க வேண்டும். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இளங்கலை 6ஆம் நிலை, முதுகலை 7ஆம் நிலை, முனைவர் பட்டம் 8ஆம் நிலை. ஆகவே இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்க முதுகலை வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் ஆக நினைப்பவர் முனைவர் பட்டம் வரை போகும் மனத்தோடுதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது உளவியல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பெரும் எண்ணிக்கையில் தேர்ந்தெடுக்கும் துறை இது. மூன்று ஆண்டுகள் உளவியல் படித்து முடித்த பிறகுதான் அந்தப் பட்டம் தங்களை உளவியல் நிபுணர் ஆக்கவில்லை என்பது பலருக்குத் தெரிய வருகிறது. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் பணி, 2016ஆம் ஆண்டின் சார்பு சுகாதாரத் தொழில் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருகிறது. அதில் பதிவு பெற, மருத்துவ உளவியலில் முதுகலை தேவை. இளங்கலை உளவியல் மட்டும் போதாது. மருத்துவ உளவியல் அல்லாத வேறு முதுகலையும் போதாது.

இந்த முதுகலையை எல்லாப் பல்கலைக்கழகங்களும் நடத்துவதில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றில்தான் உண்டு. மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி இப்படிப்பின் முக்கியப் பகுதி என்பதால் இடங்கள் மிகக் குறைவு, நேர்முகத் தேர்வும் கடுமையானது. நல்ல மதிப்பெண் மட்டும் வைத்துக்கொண்டு போகும் 22 வயதுப் பிள்ளையை விட, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான மையத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவரோ, பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பில் தொண்டூழியராகத் தொலைபேசி எடுத்தவரோ அங்கே பேசுவதற்குப் பொருள் அதிகம் வைத்திருப்பார். முதுகலை கட்டாயம் என்னும் இந்தத் துறையில்கூட முதலில் வேலை, பிறகு படிப்பு என்ற வரிசைதான் பலருக்கு நன்மை தரும் என்பது என் கணிப்பு.

இதே குழப்பம் ஆலோசகர் பணியிலும் உண்டு. கவுன்சலர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின் (சட்டம் 580) கீழ் ஆலோசகர் வாரியத்தில் பதிவு வேண்டும். அதோடு தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். அதற்கு உளவியல் பட்டம் போதாது, வாரியம் ஏற்றுக்கொண்ட ஆலோசனைத் துறைப் பட்டம் தேவை. உளவியலில் இளங்கலை முடித்தவர்கள் ஆலோசனைத் துறையில் முதுகலை செய்து இந்த வழிக்கு வரலாம். சேர்வதற்கு முன், குறிப்பிட்ட அந்தப் படிப்பு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று வாரியத்திடமே கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொல்வது பதில் ஆகாது. மாணவரைச் சேர்ப்பதுதான் அவருடைய வேலை.

முதுகலை அல்ல, வேறு தாள்

பொறியியல் படித்தவர்களிடம் இந்தக் குழப்பம் வேறு விதமாக வருகிறது. பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு பெற, அங்கீகாரம் பெற்ற பொறியியல் இளங்கலைப் பட்டம் வேண்டும். பிறகு பணி அனுபவம், மதிப்பீடு எல்லாம் கடந்து 'ஐஆர்.' என்ற அடைமொழி கிடைக்கும். இதில் முதுகலைக்குப் பங்கில்லை. இளங்கலைக்கு அங்கீகாரம் இல்லையென்றால், அதன் மேல் நல்ல பல்கலைக்கழகத்தின் முதுகலையை அடுக்கினாலும் அந்த ஓட்டை பொதுவாக அடைபடுவதில்லை. 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. இரண்டாவதைப் படித்தவர்களுக்கான இடம் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த வாரியம் தரும் 'டிஎஸ்.' அடைமொழிக்கும் மதிப்பு இருக்கிறது. பினாங்கு, கூலிம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

சட்டம் படித்தவர்களுக்கு இன்னும் எளிது. இங்கிலாந்துப் பட்டம் வைத்திருப்பவர் இங்கே வழக்கறிஞராக வேண்டுமென்றால் சிஎல்பி தேர்வில் தேற வேண்டும், பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங் பயிற்சி. சிஎல்பி கடினமாக இருக்கிறது என்று எல்எல்எம் முதுகலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்எல்எம் நல்ல படிப்புதான். ஆனால் அது சிஎல்பிக்கு மாற்று இல்லை. ஓராண்டு கழித்து அதே தேர்வின் முன்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

கணக்கியலில் முதுகலையை விட ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தகுதிக்கு வேலைச் சந்தையில் மதிப்பு அதிகம். ஏசிசிஏவில் மொத்தம் 13 தாள்கள். உங்கள் இளங்கலைப் பட்டத்தைப் பொறுத்து 9 தாள்கள் வரை விலக்குக் கிடைக்கலாம். தேர்வு ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. மூன்று ஆண்டு பணி அனுபவமும் வேண்டும் என்பதால், வேலை பார்த்துக்கொண்டே எழுதுவதுதான் இதன் அமைப்பு. தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, தேர்வுக்கு விடுப்பும் தருகிற தணிக்கை நிறுவனங்கள் உண்டு. பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே இருக்க ஒப்பந்தம் கேட்பார்கள். முதல் வேலை தேடும் கணக்கியல் பட்டதாரி, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்பது நல்லது.

ஆசிரியர் பணிக்குக் கல்வியியல் தகுதி வேண்டும், அது தனிப் பாதை. அரசாங்க வேலைக்கு, பட்டதாரிகளுக்கான பெரும்பாலான பதவிகளின் நுழைவுத் தகுதி இளங்கலைதான். முதுகலை இருப்பதால் தொடக்கப் படிநிலை உயர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதை விட முக்கியமாக எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் கையில் இருந்தும் இந்த ஒன்றில் தடுக்கி நிற்பவர்கள் உண்டு. பொதுச் சேவை ஆணையத்தில் விண்ணப்பத்தைப் பதிந்து, காலாவதி ஆகாமல் புதுப்பித்து வாருங்கள். நிரந்தர வேலையில் சேர்ந்த பிறகு சம்பளத்தோடு படிக்கும் விடுப்பு, உபகாரச் சம்பளம் என்று மேற்படிப்புக்கு அரசாங்கத்திலேயே வழிகள் இருக்கின்றன.

எம்பிஏ பற்றி ஒரு வார்த்தை. இளங்கலை முடித்த கையோடு எம்பிஏ சேர்வதுதான், என் பார்வையில், நம் குடும்பங்கள் செய்யும் செலவுகளில் மிகவும் பயனற்றது. அந்த வகுப்பில் பாதிப் பாடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தம் அலுவலகத்தில் பட்டதைச் சொல்வதிலிருந்து வருகிறது. ஒரு நாளும் அலுவலகம் பார்க்காதவர் அங்கே எதைச் சொல்வார், எதை எடுத்துக்கொள்வார்?

பயந்து ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது

பிள்ளைகள் சோம்பலால் வேலையைத் தவிர்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. உயர்கல்வி பெற்று வேலையில் இருப்போரில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் கணக்குகள் காட்டுகின்றன. பட்டம் பெற்றவர் கடையில் பணம் வாங்கும் இடத்தில் நிற்கிறார், உணவு விநியோகம் செய்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. அதற்குக் கொஞ்சம் மேலே பட்டதாரிக்குச் சம்பளம் பேசும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. 'இதற்கா நான்கு வருடம் படித்தேன்' என்ற கோபம் நியாயமானது.

ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தை இன்னொரு முறை படியுங்கள். அங்கே குறைவாக இருப்பது பட்டம் அல்ல, பட்டத்துக்கு ஏற்ற வேலை. எல்லாரும் இன்னொரு பட்டம் வாங்குவதால் அந்த வேலைகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. வரிசையின் நீளம் அப்படியே இருக்க, கையில் உள்ள கோப்பு மட்டும் தடிமனாகும்.

ஆகவே முதல் வேலையைப் பார்க்கும் கண்ணை மாற்றிக்கொள்வது உதவும். பதவியின் பெயரை விட, அங்கே யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். வங்கியின் அழைப்பு மையத்தில் சேர்ந்த ஒரு புள்ளியியல் பட்டதாரி, நாள் முழுவதும் தொலைபேசி எடுப்பதோடு நின்றால் அது அழைப்பு மைய வேலைதான். வாரந்தோறும் வரும் புகார்களை வகைப்படுத்தி ஒரு பக்க அறிக்கையாக மேலாளரிடம் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஒன்று இருக்கும். பல்கலைக்கழகத்தில் செய்த ஒப்படைப்புகளை விட இதற்கு மதிப்பு அதிகம்.

வேலையில் இருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு, பலர் அதைக் கேட்பதே இல்லை. சட்டத்தின் கீழ் வரும் துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, ஊழியர் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஊழியர்களின் பயிற்சிக்குத்தான். நிறுவனத்தின் கணக்கில் பயன்படாமல் கிடக்கும் அந்தத் தொகையிலிருந்து ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பும்படி மனிதவளப் பிரிவில் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் வேலையை விட்டு நீக்கப்போவதில்லை.

வேலை தேடுவோர் சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்திலும் பதிந்து வையுங்கள். வேலை இழந்தவர்களுக்கு மட்டுமான தளம் அது என்று சிலர் நினைக்கிறார்கள். புதிய பட்டதாரிகளுக்கும் உரியதுதான்.

வீட்டுக் கணக்கு

முதுகலைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். ஒரு தாளை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, மாதம் 2,800 ரிங்கிட் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கக்கூடிய ஒருவர், அதை விட்டு 18 மாதம் முழுநேரம் படிக்கிறார். விட்டுப்போன சம்பளம் 50,400 ரிங்கிட். முதலாளி கட்டியிருக்க வேண்டிய 13 விழுக்காடு சேமநிதி ஏறக்குறைய 6,550 ரிங்கிட். கட்டணம் 20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 77,000 ரிங்கிட்டை நெருங்குகிறது. பட்டம் முடித்த பின் மாதம் 500 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தாலும், போட்டதை எடுக்க ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகும். வேலைக்குப் போன நண்பருக்கு இடையில் சம்பள உயர்வே வராது என்று வைத்தால்தான் இந்தக் கணக்கு.

வேலையே கிடைக்காதவருக்கு இது பொருந்தாதே என்று கேட்கலாம். சரிதான். ஆறு மாதம் உண்மையாகத் தேடியும் கிடைக்காதவருக்கு இழப்பு குறைவு. அவர் தேடியது எப்படி என்பதுதான் கேள்வி. ஒரே தற்குறிப்பை இருநூறு இடங்களுக்கு அனுப்புவதைத் தேடல் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது இடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாற்றி எழுதி, படித்த துறையில் முன்பே வேலைக்குப் போன சீனியர்கள் நான்கு பேரிடம் பேசிவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

வரிச்சலுகை இருக்கிறதே என்பார்கள். முதுகலை, முனைவர் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு என்பது உண்மை. துறை எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் அது 7,000 ரிங்கிட்டைத் திருப்பித் தருவதல்ல, வரி கணக்கிடும் வருமானத்தில் அந்தத் தொகையைக் குறைப்பது. மாதம் 3,000 ரிங்கிட் வாங்கும் தனியாளுக்கு, 9,000 ரிங்கிட் தனிநபர் விலக்கும் சேமநிதியும் கழித்த பிறகு வரும் சிறு வரியை 400 ரிங்கிட் தள்ளுபடி முழுவதுமாக விழுங்கிவிடும். வரியே கட்டாதவருக்கு வரி விலக்கால் என்ன பயன்? சம்பளம் ஏறக்குறைய 3,500 ரிங்கிட்டைத் தாண்டிய பிறகுதான் அது கைக்குத் தெரியத் தொடங்கும். பகுதிநேரமாகப் படிப்பவர், சம்பளம் ஓரளவு உயர்ந்த பின் தொடங்கினால் இந்தச் சலுகையும் சேர்ந்து வரும்.

பிடிபிடிஎன் கடன் வாங்கியவர்கள் மேற்படிப்புக் காலத்தில் திருப்பிச் செலுத்துவதை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க வேண்டும், தானாக நடக்காது. ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பது குறைந்த கட்டணம்தான். அதனால் அந்தக் கடனுக்குப் பயந்து எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. மறந்துவிடுவதுதான் ஆபத்து.

பெற்றோரின் சேமநிதி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பிள்ளையின் உயர்கல்விக்காக அக்கௌன் செஜாத்ராவிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. நம் அப்பாக்கள் யோசிக்காமல் எடுத்துவிடுவார்கள். 52 வயதில் எடுக்கும் 30,000 ரிங்கிட், ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டில் 51,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். பிள்ளைக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. இளங்கலைக்கு எடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. எதற்காக என்று பிள்ளையால் இரண்டு வரியில் சொல்ல முடியாத முதுகலைக்கு எடுக்கக்கூடாது. "அப்பா, வேண்டாம், நான் இரண்டு வருஷம் வேலை பார்த்துட்டு என் காசுல படிக்கிறேன்" என்று பிள்ளையே முந்திக்கொண்டு சொன்னால் அந்த வீட்டில் பெரும் சுமை இறங்கும்.

படிப்பதென்று முடிவானால்

பாடநெறி வழி, ஆய்வு வழி, இரண்டும் கலந்தது என மூன்று வகை முதுகலை உண்டு. வேலையில் முன்னேறுவதற்குப் படிப்பவருக்குப் பாடநெறி வழி பொருந்தும், அதைப் பகுதிநேரமாகவும் செய்யலாம். ஆராய்ச்சியாளராகவோ விரிவுரையாளராகவோ ஆக நினைப்பவருக்கு ஆய்வு வழிதான். அங்கே பல்கலைக்கழகத்தின் பெயரை விட மேற்பார்வையாளர் யார் என்பது முக்கியம். அவரிடம் ஆய்வு மானியம் இருந்தால் பட்டதாரி ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து மாதப்படியோடு படிக்க வழி உண்டு. பதிவு செய்வதற்கு முன் அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு எழுதுங்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று தனியே கேளுங்கள். இரண்டு ஆண்டில் முடிய வேண்டியது நான்கு ஆண்டு இழுப்பது பெரும்பாலும் இங்கேதான் தெரிந்துவிடும்.

அறிவியல், பொறியியல் துறைகளில் ஆராய்ச்சிக்குத்தான் போகப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு முதுகலையைத் தாண்டிப் போகவும் வழி இருக்கிறது. சிங்கப்பூரின் சிங்கா உபகாரச் சம்பளம், நல்ல இளங்கலைப் பட்டம் உள்ள வெளிநாட்டு மாணவர்களை நேரடியாக முனைவர் படிப்புக்கு எடுக்கிறது. கட்டணத்தோடு மாதப்படியும் கிடைக்கும். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் இருக்கும் இந்த வாய்ப்பு நம் மாணவர்கள் பலருக்கு எட்டாமலே போகிறது.

வெளிநாட்டு உபகாரச் சம்பளங்களைப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் தெரியும். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைக்கான முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்கு விண்ணப்பிக்க 2,800 மணி நேரப் பணி அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை, கட்டாயம். பகுதிநேர வேலையும் தொண்டூழியமும் அதில் சேரும். படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு தாயகத்தில் இருக்க வேண்டும். பணத்தைக் கட்டி உடனே படிப்பவருக்குக் கிடைக்காத வாய்ப்பு, இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்குத் திறக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைத் திட்டத்துக்கு இந்த நிபந்தனை பொதுவாக இல்லை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், மாதம் 1,400 யூரோ கிடைக்கும். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் ஏற்கிறார்கள்.

ஜெர்மனியில் இலவசப் படிப்பு என்று சமூக ஊடகங்களில் வரும் காணொளிகளைப் பாதி நம்பலாம். பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது சரி. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. அதோடு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 55,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்தப் பணம் உங்களுடையதுதான், மாதாமாதம் திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் அது கையில் இருக்க வேண்டும்.

குடும்பச் சூழ்நிலையால் இளங்கலைக்கே போகாமல் வேலையில் இறங்கிவிட்ட அண்ணன், அக்காக்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காக ஏப்பல் என்ற முறை இருக்கிறது. மலேசியத் தகுதி முகமை நடத்தும் இதில், பணி அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்கு அனுமதி தருகிறார்கள். 21 வயதைக் கடந்தவர்கள் இளங்கலைக்கும், 30 வயதைக் கடந்து எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவும் தொடர்புள்ள பணி அனுபவமும் உள்ளவர்கள் முதுகலைக்கும் இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். தொழில்முறை வாரியங்களில் பதிவு தேவைப்படும் துறை என்றால், ஏப்பல் வழி வந்தவரை அந்த வாரியம் ஏற்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படிப்பானாலும், உள்நாட்டில் சேர்வதென்றால் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர், அது நடக்கும் வளாகம், முழுநேரமா பகுதிநேரமா என்பது எல்லாம் உங்கள் சலுகைக் கடிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதன் பிறகு முன்பணம். கழிவு இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினால், சேராவிட்டால் அந்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் வரும்வரை கட்ட வேண்டாம். அடுத்த சேர்க்கையிலும் ஏதாவது ஒரு கழிவு நிச்சயம் இருக்கும்.